முன்மாதிரி வீடு

"கரண்டு எதுக்குங்க நல்லதம்பி? அணையில தண்ணி வத்துனா விளக்கு அவிஞ்சு போகும். மாடு இருக்கற வரைக்கும் சாணி வத்துமா?" என்று பெருமாட்டி ஊராட்சித் தலைவர் வீரபாண்டி முழங்கினார்.

நாலு வருடமாக மின் இணைப்புக்குக் காத்திருந்த நல்லதம்பி உருகிப்போனார். கரண்டு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, சாண எரிவாயுக் கலம் கட்டினார். தலைவரே மாலை போட்டு, முதல் விளக்கை ஏற்றி, "ஊருக்கே முன்மாதிரி!" என்றார்.

மறுவாரம் தலைவர் வீட்டு வாசலில் மின்கம்பம் நட்டார்கள்.

"ஏனுங்க, இது எப்படீங்க?" என்று லைன்மேனிடம் கேட்டார் நல்லதம்பி.

"இந்தத் தெருவுக்கு ஒரே இணைப்புதானுங்க. வரிசையில முதல்ல நீங்க இருந்தீங்க. நீங்க விலகவும் அடுத்த ஆளு தலைவருங்க."

புது பல்பின் அடியில் நின்று தலைவர் அன்போடு கூப்பிட்டார்: "நல்லதம்பி, சாணி பத்தலீன்னா கூச்சப்படாம நம்மூட்டுல வந்து அள்ளிக்குங்க!"