மேற்குப் பக்கத்து ஓட்டு

"ஏம்மா, இந்தக் காலை வச்சுக்கிட்டுப் பனியில எங்க கிளம்பிட்டீங்க?"

வேனை ஓரங்கட்டிக் கண்ணாடியை இறக்கிக் கேட்டார் அந்த மனிதர். காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி, கழுத்தில் மப்ளர்.

வாண்டா நிற்கவில்லை. இடது காலில் தொடைவரை மாவுக்கட்டு, இரண்டு பக்கமும் ஊன்றுகோல். "ஓட்டுப் போட! வண்டி அனுப்பறோம்னு மத்தியானமே சொன்னாங்க, மேயருக்கு நிக்கிற ரிக்ஸ் ஆபீசுல. இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. நான் நடந்தே போய்க்கிறேன்."

"ஊருக்கே ஓட்டுச் சாவடி அந்தப் பள்ளிக்கூடம்தான். ரெண்டு மைல். எட்டு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்க."

"அப்ப அதுக்குள்ள போய்ச் சேரணும். அவ்வளவுதானே?"

அவர் இறங்கி வந்து கதவைத் திறந்தார். "ஏறிக்குங்க. கொண்டு விடறேன்."

ரிக்ஸ் ஆபீஸ் வண்டி ஒருவழியாக வந்துவிட்டது என்று வாண்டா முடிவுகட்டிக்கொண்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். வீட்டுப் படியில் சறுக்கி விழுந்ததிலிருந்து அடைந்து கிடக்கிறாள். பேச ஆள் கிடைத்தால் விடுவாளா?

"எங்க மேற்குப் பக்கம் பூரா ரிக்ஸ் ஆளுங்க. ஏரிக்கரைப் பணக்காரங்க பூரா எதிர்த்து நிக்கிற ஹால்வர்சன் பக்கம். ஆனா அங்க வீட்டுக்கு வீடு ஓட்டுப் போடுவாங்க. இங்க பத்துப் பேர்ல எட்டுப் பேர் டிவி முன்னாடி உக்காந்து மேயரைத் திட்டுறதோட சரி. கேட்டா, 'என் ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுது'ம்பாங்க!"

"அதுதான் எனக்கும் பிடிக்காத பேச்சு" என்றார் அவர்.

"அந்த ஹால்வர்சன் என்ன பண்ணான் தெரியும்ல? எங்க ஏரியா தீயணைப்பு நிலையத்தை மூடலாம்னு கவுன்சில்ல கையைத் தூக்கினான், மூடிட்டாங்க. டிசம்பர்ல பக்கத்து வீடு பத்திக்கிச்சு. தீயணைப்பு வண்டி பாலத்தைச் சுத்தி வர்றதுக்குள்ள மாடியே போச்சு. அந்த வீட்டு ஹோவர்டை நானும் என் மகனும்தான் ஜன்னல் வழியா இழுத்துப் போட்டோம்."

அவர் வேகத்தைக் குறைத்து அவள் பக்கம் திரும்பினார். "அவரு... இப்ப எப்படி இருக்காரு?"

"உயிரோட இருக்காரு. ரெண்டு கையும் வெந்துபோச்சு. ஹால்வர்சன் எட்டிப் பார்த்தானா? ஓட்டுக் கேக்கக்கூட எங்க தெருப்பக்கம் வரல. அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னே எங்களுக்குத் தெரியாது. பயந்தாங்கொள்ளி!"

"வந்திருக்கணும்" என்றார் அவர் மெதுவாக. "முன்னாடியே வந்திருக்கணும்."

ரயில்வே கேட் மூடியிருந்தது. நீளமான சரக்கு ரயில் ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றது.

"போச்சு! இது இப்போதைக்கு நகராது." வாண்டா ஊன்றுகோல்களை எடுத்தாள். "கதவைத் திறப்பா. பெட்டிக்கு அடியில பூந்து போயிடறேன்."

"மாவுக்கட்டோடவா? சும்மா உக்காருங்க!"

வேனைப் பின்னால் எடுத்துத் திருப்பினார். பழைய காகித ஆலைச் சாலையில் போனால் கேட்டைத் தவிர்க்கலாம். ஆனால் அங்கே யாரும் பனியை அள்ளியிருக்கவில்லை. கொஞ்ச தூரத்திலேயே சக்கரம் புதைந்து, இருந்த இடத்திலேயே சுழன்றது.

அவர் மண்வெட்டியோடு இறங்கினார். மூச்சிரைக்க அள்ளினார். கால்மிதியை உருவிச் சக்கரத்துக்கு அடியில் திணித்தார். வாண்டாவுக்குப் பொறுக்கவில்லை. கட்டுப் போட்ட காலைக் கையால் தூக்கிப் போட்டு, ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"வலது கால் நல்லாத்தானே இருக்கு? நான் மிதிக்கிறேன், நீ தள்ளு!"

அவர் தோளைக் கொடுத்துத் தள்ளினார். வண்டி உறுமியது, நழுவியது, சட்டென்று மேலேறியது. முகமெல்லாம் சேறும் பனியுமாக அவர் வந்து நின்றபோது வாண்டா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உன்னை மாதிரி ஒரு ஆள் கிடைக்க அந்த ரிக்ஸ் கொடுத்து வச்சிருக்கணும்ப்பா!"

அவள் பழையபடி நகர்ந்து இடம்விட, அவர் ஏறி வேகத்தைக் கூட்டினார்.

பள்ளிக்கூடத்தை எட்டியபோது எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. வாசல் முழுக்கப் பனி இறுகிக் கிடந்தது. அவள் வழுக்கிவிடாமல் தோளோடு அணைத்து, பாதி தூக்கிக்கொண்டுதான் போனார். கதவருகே தேர்தல் அலுவலர் பெண்மணி ஒருத்தி கையை நீட்டி மறித்தாள்.

"ஓட்டுப் போடவா? வாங்க மேடம், உள்ள நாற்காலி போடச் சொல்றேன்." பிறகு அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். "நீங்க இங்கயே நின்னுக்குங்க. உங்க ஓட்டைத்தான் காலையிலேயே போட்டாச்சே. போட்டி போடறவங்க மறுபடி உள்ள வரக் கூடாதுன்னு நான் சொல்லித் தெரியணுமா, மிஸ்டர் ஹால்வர்சன்?"

வாண்டா ஊன்றுகோலில் சாய்ந்தபடி திரும்பினாள்.

"கதவைச் சாத்தப்போறாங்க, போங்க" என்றார் அவர். "நான் வேன்ல காத்திருக்கேன்."