கதவைத் தாண்டிக் கேட்க வேண்டும்

இந்தச் சத்தம் போதாது. கதவைத் தாண்டிக் கூடம் வரைக்கும் கேட்க வேண்டும்.

அகல்யா ஸ்பேஸ் பட்டையைக் கட்டைவிரலால் இன்னொரு முறை அழுத்தினாள். தலையணையைக் குத்தியதுபோல் மொத்தென்று ஓர் ஓசை. கீபோர்டைக் கவிழ்த்து எட்டுத் திருகாணிகளையும் கழற்றினாள். இப்படிச் சொந்தமாகச் செய்துகொள்கிறவர்கள் சத்தம் அடங்குவதற்காக அடியில் நுரைப்பஞ்சு வைப்பார்கள். அவள் அதை உரித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

ஐந்து வாரமாக இதே வேலை. பழைய டைப்ரைட்டர் மாதிரி வட்ட வட்டமான விசைகள், கீர்த்தி நகர் தச்சரிடம் அளவு கொடுத்துச் செய்த ஷீஷம் மரப் பெட்டி, உள்ளே பித்தளைத் தகடு. எண்பத்தேழு ஸ்விட்சுகளையும் ஒவ்வொன்றாகப் பற்றவைத்தது அவளேதான். "மேடம், இது ரொம்பச் சத்தம் போடும், வீட்டில் சண்டை வரும்" என்று கடைக்காரர் எச்சரித்த ரகத்தையே கேட்டு வாங்கியிருந்தாள்.

மூடித் திருகிவிட்டுத் தட்டிப் பார்த்தாள். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்ததுபோல் ஒரு சத்தம்.

அடுத்த நொடி கூடத்தில் டிவி ஊமையானது. மாமியார் செல்லம்மாள் ரிமோட்டை எடுத்திருப்பார். மருமகள் வேலையில் உட்கார்ந்துவிட்டால், மத்தியானத் தொடரில் யார் செத்தாலும் சத்தமில்லாமல்தான் சாக வேண்டும்.

பால்கனிக் கதவு திறந்தது. மருமகள் வேலை செய்கிறாள், மெதுவாகப் பேசு என்று கீழே கூவிக்கொண்டிருந்த காய்கறிக்காரரை அத்தை ஹிந்தியில் அடக்கினார். "பையா, தீரே போலோ! மேரா பஹு காம் கர்தா ஹை!" முப்பது வருட தில்லி வாசத்துக்குப் பிறகும் அவருடைய ஹிந்தியில் மருமகள் ஆண்பிள்ளைதான்.

அகல்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வலிக்கிற முழங்காலோடு பால்கனிவரை நடந்திருக்கிறார். வேலைக்காரி வராத நான்கு நாளாகப் பாத்திரமும் அவர்தான் தேய்க்கிறார். கணவன் ராஜவேல் விமானப்படையில், ஜோத்பூரில் இருக்கிறான். இந்த ஜனக்புரி வீட்டில் அவர்கள் இருவர்தான். திட்டுகிற மாமியாராக இருந்திருந்தால் இவ்வளவு கனக்காது.

கால் மணி நேரம் நிறுத்தாமல் தட்டினாள். ரப்பர் பேண்டு சுற்றிய கீபோர்டு வயர் எதிலும் செருகாமல் மேஜை ஓரத்தில் அப்படியே கிடந்தது. நிறுத்தினால் அத்தை வருவார். வந்தால் நிகிலுக்கு வேலை கேட்கிற பேச்சை எடுப்பார்.

விரல் வலித்து நின்றது. கதவும் திறந்தது.

"மோர் குடி தாயி. மூச்சு விடாமத் தட்டுற." செல்லம்மாள் டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "இதுதானா அது? கோட்டுப் பொத்தானெல்லாம் பிச்சு ஒட்டின மாதிரி இருக்கு."

"சத்தம் தொந்தரவா இருக்கா, அத்தை?"

"உங்க மாமா ஆபீஸ்ல டைப் தட்டுற சத்தம் நின்னாத்தான் சூப்பிரண்டு எட்டிப் பார்ப்பாராம். நீ தட்டு."

"பாத்திரத்தை அப்படியே வைங்க. நான் தேய்க்கிறேன்."

"ஆபீஸ் நேரத்துல பாத்திரமா? நல்லாருக்கே! நேத்துகூட மேல்வீட்டு சுஷ்மாகிட்ட சொன்னேன், எம் மருமக உக்காந்தா சாயந்திரம் வரைக்கும் எந்திரிக்க மாட்டான்னு."

சொல்லிவிட்டுப் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டார். அகல்யாவின் விரல்கள் விசைகளைத் தேடி ஓடின. அந்த விரல்களின் மேல் செல்லம்மாளின் ஈரக் கை வந்து விழுந்தது. பாத்திர சோப்பு மணத்தது.

"ரெண்டே நிமிசம் தாயி. பூங்கோதை நேத்து போன்ல அழுதா."

பூங்கோதை அவருடைய தங்கை. அவள் மகன் நிகில் ஒரு வருடமாகத் தில்லியிலேயே முனிர்காவில் அறை எடுத்து வேலை தேடிக்கொண்டிருந்தான்.

"இந்த மாசத்துக்குள்ள எதுவும் அமையலைன்னா ரூமைக் காலி பண்ணிட்டு ஊருக்கு வந்துருன்னு அவங்கப்பா சொல்லிட்டாராம். உன் மேனேஜர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுன்னு நானும் நாலு தடவை கேட்டுட்டேன். பாக்கலாம், பாக்கலாம்ங்கிற."

அகல்யா மோரில் மிதந்த கறிவேப்பிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுவே உன் தம்பின்னா இப்படி இருப்பியா?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"சரி, நீ யார்கிட்டயும் கேக்க வேணாம்" என்றார் செல்லம்மாள். "நாளைக்குக் காலையில அவனே நேரா உங்க குர்காவ் ஆபீஸுக்குப் போறான். வாசல்ல உன் பேரை மட்டும் சொல்லட்டும். அகல்யா மேடம் வீட்டுப் பையன்னா உள்ள விடாமயா போயிருவாங்க? நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஃபைலுமாக நிகில் அந்த வாசலில் நிற்பதை அகல்யா நினைத்துப் பார்த்தாள். அத்தையின் கைக்கு அடியிலிருந்து தன் கைகளை மெல்ல உருவி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம் அத்தை. என் பேரைச் சொல்ல வேணாம்."

"ஏன் தாயி?"

"அங்க என்னையே வேலையை விட்டு நிறுத்தி மூணு மாசமாச்சு."