ஒரு கால் வெளியே

மனநல ஆலோசகர் வழக்கம்போல் தன் அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு, தையல்காரம்மாவைப் போனில் அழைத்தார். வாசலைத் தாண்டினாலே மூச்சு முட்டும் என்று நான்கு வருடமாக வீட்டுக்குள்ளேயே கிடப்பவர் அந்த அம்மா. சிகிச்சையும் போனில்தான்.

"கதவுகிட்ட வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன் மேடம். கையெல்லாம் வேர்த்து, போனே வழுக்குது."

"பயமா இருக்கா?"

"அது இல்லாமலா? கூடவேதான் வந்திருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். இன்னைக்குக் கதவைத் திறந்து ஒரே ஒரு காலை வெளியே வைங்க, போதும்."

"திறக்க முடியலையே, மேடம்."

"போன வாரம் திறந்து மூடினீங்களே!"

"அது என் வீட்டுக் கதவு. இதோட தாழ்ப்பாள் உங்க பக்கம்தானே இருக்கு!"

ஆலோசகர் விருட்டென்று எழுந்தார். தாழ்ப்பாளைத் தொட்டபோது அவர் கையிலிருந்த போன் வியர்வையில் வழுக்கியது.