இரண்டாவது வளையம்

உஜிஜியில், டாங்கனிகா ஏரிக்கரை மாமரத்தடியில் உச்சி வெயில் துண்டு துண்டாகச் சிந்திக் கிடக்கிறது. டகா என்னும் பொடி மீனை மணலில் பரப்பிக் காயவைத்தபடி நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடிமைகளைப் பிணைத்துக் கடலுக்கு ஓட்டிப்போன பாதை இங்கேதான் தொடங்குகிறது. வழிகாட்டி ஜுமான்னே, சுற்றுலாப் பயணிகளுக்கென்றே வைத்திருக்கும் சங்கிலியை மடியில் போட்டிருக்கிறான். அதில் கழுத்தில் மாட்டும் வளையங்கள் இரண்டு. ஒன்றை மட்டும் தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டுத் துடைக்கிறான். புருஷனோடு சுற்றிப்பார்க்க வந்திருக்கும் வெள்ளைக்காரியின் கழுத்தில் துரு ஒட்டிவிடக் கூடாதாம். நாள் முழுக்க மீன் வாடையில் கிடப்பவள் நான். எனக்கு அந்த எண்ணெய் வாடைதான் குமட்டுகிறது. அவள் தொப்பியைக் கழற்றிவிட்டு வளையத்தை மாட்டிக்கொள்கிறாள். புருஷன் கேமராவைத் தூக்கியதும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள்.

“சிரிக்காதீங்க மேடம், மூஞ்சியைக் கொஞ்சம் சோகமா வச்சுக்குங்க,” என்று கெஞ்சுகிறான் ஜுமான்னே.

“ஏண்டா, உன் முப்பாட்டனுக்கும் இப்படித்தான் எண்ணெய் போட்டு மாட்டினாங்களா?” என்கிறேன்.

“அட, நீ வேற!” என்று இளிக்கிறான். “பேசாம வந்து பக்கத்துல நில்லுக்கா. நம்ம ஊரு முகம் ஒண்ணு இருந்தாத்தான் படம் நெசமா இருக்கும்னு கேமரா வச்சிருக்கற ஐயா சொல்றாரு.”

என் பக்கம் அவன் நீட்டும் வளையத்தில் துரு அப்படியே இருக்கிறது.