பதினொரு நிமிசத் தட்டல்

"என் பிள்ளையைப் பொலிஸ் கொண்டுபோய்ப் பன்ரெண்டு நாள். நீங்க அவன்ட பாட்டைக் குப்பையெண்டு பேப்பர்ல எழுதுறீங்க. நல்லாருக்கா முதலாளி?"

மாக்ரெட் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி, வெள்ளவத்தையில் நவரத்தினத்தின் கசெற் கடைக்கு வந்திருந்தாள். கையில் அவர் எழுதிய வாசகர் கடிதம் வந்த அன்றைய பேப்பர்.

நவரத்தினம் நிமிரவில்லை. "குப்பையை வேற எப்பிடி எழுதுறது?"

அவள் மகன் நோபேட், 'ஜெட்டி போய்ஸ்' றொக் குழுவின் பாடகன். கலியாண வீடுகளில் பைலா அடித்துத் திரிந்த பொடியங்கள். போன மாதம் நவரத்தினத்தின் கடை மூலம் 'கதவு' என்று ஒரு கசெற் விட்டார்கள். தலைப்புப் பாட்டு பதினொரு நிமிசம். அதில் பாதிக்கு மேல் பாட்டே இல்லை. யாரோ கதவைத் தட்டுகிற சத்தம். அடியில் ஒரு கிற்றார் முனகும். கடைசியில் நோபேட்டின் குரல், "திறக்கிறன், திறக்கிறன்" என்று.

கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் போனார்கள். கசெற் பழுது, காசைத் தா என்று வந்து சண்டை பிடித்தவர்கள் ஒரு கட்சி. இரண்டு தரம் கேட்டு, மூன்றாம் தரம் கேட்கத் தைரியமில்லாமல் நிற்பாட்டினவர்கள் மற்றக் கட்சி.

மற்றக் கட்சிக்குத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா. பாங்கில் கிளாக். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் இசை பற்றி எழுதுகிறவர். அவரும் அப்போது கடையில்தான் நின்றார்.

"அண்ணை, உங்களுடையது பைலா வித்த காது. உங்களைக் குறை சொல்லேலாது."

"என்ர காது எனக்குச் சோறு போடுது தம்பி. உம்மட காது ஆருக்கு என்ன போட்டது?"

"அது விளங்கிக் கேக்குது. றவுண்டப்பில பொடியளைப் பிடிக்க வாறவங்கள் எங்கட கதவில தட்டுற சத்தம் அது. வரிக்கு வரி விளங்கப்படுத்தி எழுதினனான். நீங்கள் எழுதியிருக்கிறியள், 'குடித்துவிட்டுக் காதலி வீட்டுக் கதவைத் தட்டும் ஒருவனின் உளறல்' எண்டு. எழுதேக்கை கை கூசேல்லையோ?"

"உளறல்தான். சாராயமும் பெட்டையும். வேற ஒண்டுமில்லை. அவன்ர முகத்துக்கு நேரயும் சொல்லுவன்."

"சொல்ல அவன் எங்க இருக்கான்?" மாக்ரெட் பேப்பரை மேசையில் அடித்தாள். "அண்டைக்கு அள்ளிக்கொண்டு போன ஒம்பது பேர்ல எட்டுப் பேர் வீட்டுக்கு வந்தாச்சு. என் பிள்ளை மட்டும் உள்ள. மகன் மகன் எண்டு கட்டிப்பிடிச்சீங்க. என் மேசையில சாப்பிட்டீங்க. இப்ப உங்க பேரும் இழுபடும் எண்டு பயம்."

"பயம்தான். பயப்பிடாதவன் இந்த றோட்டில இருபது வருசம் கடை நடத்தேலாது."

கசெற் தெரிவு செய்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் எடுத்ததை வைத்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

ஸ்ரீஸ்கந்தராசா ஆறுதலாகச் சொன்னார். "விடுங்கோ அக்கா. நான் எழுதினதைக் கவனமா வச்சிருக்கிறியள்தானே?"

"அதைப் பொலிசுக்குக் குடுத்துட்டேன் தம்பி. போன திங்கக்கிழமை பெட்டிசத்தோட சேர்த்து. ஃபாதர்ட கடிதம், கிராமசேவகர்ட கடிதம், அதுக்குக் கீழ நீங்க எழுதினது. என் பிள்ளை எப்பேர்ப்பட்ட கலைஞன் எண்டு அவங்களும் வாசிக்கட்டும்."

நவரத்தினம் இப்போதுதான் நிமிர்ந்தார். பிறகு ஸ்ரீஸ்கந்தராசாவைப் பார்த்துக் கத்தினார்.

"நீர் வெளிய போம். இனி என்ர கடைப் படியில உம்மட கால் படப்படாது. அக்கா, நீங்களும் போங்கோ. எனக்கு வேலை கிடக்கு."

"இப்பிடியும் ஒரு மனுசன்," என்று ஸ்ரீஸ்கந்தராசாவே அவளை பஸ் ஏற்றிவிட்டார்.

நாலு நாள் கழித்து மாக்ரெட்டைப் பொலிசில் கூப்பிட்டார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி சிங்களத்தில் கதைத்தார். கொட்டாஞ்சேனையில் பிறந்தவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அவர் ஃபைலைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். அவள் கொடுத்த ஸ்ரீஸ்கந்தராசாவின் கட்டுரை. அதோடு சிங்கள மொழிபெயர்ப்பு. வரிக்கு வரி சிவப்புக் கோடு.

"மற்ற எட்டுப் பேரோடு உங்கள் மகனையும் விடத்தான் இருந்தது," என்றார். "பாட்டைக் கேட்டோம், ஒன்றும் விளங்கவில்லை. இதை வாசித்த பிறகுதான் விளங்கியது. நீங்கள்தானே தந்தது?"

மாக்ரெட் தலையாட்டினாள்.

அவர் அடுத்த தாளைப் புரட்டினார். "இதுவும் வந்திருக்கிறது. பதிவுத் தபாலில்."

நவரத்தினம் பேப்பரில் எழுதியது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரையோடு முழுக்கச் சிங்களத்தில். கடிதவுறையில் தபால் முத்திரை, அவள் கடையில் ஏசிவிட்டு வந்த அதே நாள். கூடவே கையெழுத்தில் ஒரு தாள். 'இவனைப் பத்து வருடமாகத் தெரியும். குடிகாரன். அரசியல் விளங்குகிற மூளை இல்லை. கூப்பிட்டால் நேரில் வந்து சொல்லுவேன்.' கீழே முழுப் பெயர், வீட்டு விலாசம், பிறந்த ஊர் யாழ்ப்பாணம், அடையாள அட்டை இலக்கம்.

அந்த ஃபைலுக்குள் தன் பெயரைத் தானாகக் கொண்டுவந்து வைக்கிற தமிழன் கொழும்பில் யார்?

"ஒருவர் பெரிய பாட்டு என்கிறார். ஒருவர் குடிகாரன் உளறல் என்கிறார்," என்றார் அதிகாரி. "நீங்கள் தாய். நீங்கள் சொல்லுங்கள்."

அந்தப் பாட்டை முதல் முதல் கேட்ட அன்று, தட்டல் தொடங்கினதும் எழும்பிப் போய் வாசல் கதவைத் திறந்து பார்த்தவள் அவள்.

"அவன் சரியான குடிகாரன் சேர்," என்றாள் மாக்ரெட். "அவனுக்குப் பாட்டெல்லாம் வராது."