ஜப்பான் பேனாவுக்குப் பொட்டு

ஆயுத பூஜைக்காக ஆரணித் தறிகளெல்லாம் ஓய்ந்திருந்ததால், பட்டுச்சேலை வியாபாரி வேதாசலம் போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"என் ஜப்பான் பேனாவுக்குக்கூடவா சந்தனம் குங்குமம் வெப்பே?"

ஒரு வருஷம் காத்திருந்து வரவழைத்த பேனா. அரக்குப் பூசி, காயவைத்து, மறுபடி பூசி, ஜப்பான் ஓவியர் ஒருவர் கையாலேயே செய்தது. வேதாசலம் களம்பூர் போயிருந்த நேரத்தில் பார்சல் வந்திருக்கிறது.

"நான் பெட்டியைப் பிரிக்கவே இல்லீங்க," என்றாள் அவர் மனைவி ஹேமலதா, சந்தனக் கிண்ணமும் கையுமாக.

"காலையில இருந்து பொட்டு வெச்சிகினேதானே இருக்கே? ஸ்கூட்டருக்கு வெச்சே, ஏசி ரிமோட்டைக்கூட விடல. இதை மட்டும் விட்டுட்டியா? உன் விரல் ரேகையே தெரியுது பாரு!"

ரேகை தெரியத்தான் தெரிந்தது. ஹேமலதாவுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

வேதாசலம் வேட்டி முனையால் தேய்த்தார். தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தார். பொட்டு அழியவில்லை, பளபளப்புதான் கூடியது.

"பேஜாராப் போச்சு. எப்படித் துடைக்கிறதுன்னு இதுல எழுதியிருக்கா பாரு."

பெட்டியிலிருந்த ஆங்கிலக் கடிதத்தை வாங்கி ஹேமலதா தமிழில் படித்துச் சொன்னாள்.

"ஐயா, போன ஆயுத பூஜையன்று நீங்கள் படமெடுத்து அனுப்பிய பழைய பேனாவைப் போலவே, நீங்கள் கேட்டபடி இம்மி பிசகாமல் செய்திருக்கிறேன். மஞ்சள் பூச்சுக்குத் தங்கப்பொடி, சிவப்புப் புள்ளிக்குச் செவ்வரக்கு. அந்த விரல் ரேகைக்குத்தான் மூன்று மாதம் பிடித்தது."

ஹேமலதா சந்தனக் கிண்ணத்தை மூடினாள்.

"அப்ப இதுக்கு நான் வெக்க வேணாம். அங்கயே பூஜை போட்டு அனுப்பிட்டாங்க."