மாட்டுத்தாவணிக்கு ஒரு பயணி

வனிதா பையோடு வாசலில் நின்று செயலியில் பைக் டாக்ஸி கேட்டாள். வீட்டுக்குள் இருந்த சோலைராஜின் போன் அலறியது. பயணி, அவன் மனைவி. இறங்குமிடம், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட்.

புதுச் சட்டப்படி பக்கத்தில் இருக்கும் வண்டிக்குத்தான் சவாரி விழும். மறுத்தால் பெர்மிட் போய்விடும். பயணி பேசும் முன் ஓட்டுநர் வாய் திறந்தால் மூன்று மாதம் வண்டி எடுக்க முடியாது. செயலியோடு இணைந்த ஹெல்மெட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும்.

அவள் ஓடிபியைப் பேசாமல் நீட்டிக் காட்டினாள். அவன் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அப்பாவின் தெவசத்துக்கு வராமல் அவன் சவாரிக்குப் போனான். அதிலிருந்து ஐந்து நாளாக வீட்டில் பேச்சில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அவள் முதலில் பேச வேண்டும். ஹாரனை வீணாக அடித்தான். கண்ணாடியைத் திருப்பித் திருப்பி அவள் முகத்தைத் தேடினான்.

கோரிப்பாளையம் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் கேட்டான்.

"என்னண்ணே, மதினி ஊருக்கா? எப்ப வருவாக?"

சோலைராஜுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. ஹெல்மெட்டை நினைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான்.

பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கினாள். ஒரு நிமிடம் அவனையே பார்த்தபடி நின்றாள். அவன் வாய் திறந்து, மூடிக்கொண்டது. அவள் போனில் எதையோ தட்டிவிட்டு, தேவகோட்டை பஸ்ஸில் ஏறினாள்.

ஹெல்மெட் இனிமையாகப் பேசியது.

"வாழ்த்துகள்! ஐந்து நட்சத்திரம். பயணி எழுதியது: கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல."